ஏலத்துக்கு வரும் ஏலம்

போடிநாயக்கனூரில் ஏலம் ஏலத்துக்கு வரும்! நாம் பாயசத்தில் போடும் ஏலம் தமிழில் நெடுங்காலமாகப் புழங்கும் சொல். கூவி விற்கிற ஏலமோ ‘லெய்லாவ்’ என்ற போர்ச்சுக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது. இப்போது போடியில் யாரும் கூவுவதில்லை. ஸ்பைசஸ் போர்டின் ஏல மையத்தில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்துதான் வியாபாரிகள் விலை கேட்கிறார்கள்.

ஆனால் காய் பெரும்பாலும் விளைவது மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் இடுக்கியில். பறிக்கப் போகிறவர்களில் பலர் நம் தேனி மாவட்டப் பெண்கள். விடியற்காலையிலேயே ஜீப்பில் நெருக்கியடித்துப் போடிமெட்டு ஏறுகிறார்கள். செடி ஆளுயரம் தாண்டி வளர்ந்தாலும் காய் காய்ப்பது அடியில், தரையோடு தரையாக. நாள் முழுக்கக் குனிந்தே பறிக்க வேண்டும். எல்லாக் காயும் ஒன்றாக முற்றாது. 30, 40 நாளில் அதே செடிக்குத் திரும்ப வரவேண்டும்.

2023 ஜூன் முதல் சென்னை சென்ட்ரலிலிருந்து போடிக்கு நேரடி ரயில் இருக்கிறது. போனால், சாயங்காலம் மலைச்சாலையில் கொஞ்சம் நில்லுங்கள். அந்த ஜீப்புகள் இறங்கி வரும்.