சிறுவர்களும் இணையமும்

ஊர்ப் பொதுக் கிணற்றில் குழந்தை தவறி விழுந்துவிடும் என்று அஞ்சி எவரும் கிணற்றைத் தூர்த்துவிடுவதில்லை. சுற்றிலும் கைப்பிடிச் சுவர் எழுப்புகிறோம். பிள்ளை சற்று வளர்ந்ததும் அதன் இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டி, நாமும் உடன் இறங்கி, நீந்தப் பழக்குகிறோம். இணையத்தைப் பொறுத்தும் நாம் செய்யத் தக்கது இதுவே.

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பெருந்தொற்றின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டின் தொடக்கப் பள்ளி மாணவர் மீண்டும் வகுப்பறைக்கு வந்தது 2021ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாளன்று. இடைக்காலத்தில் பல இல்லங்களில் பாடம் கைப்பேசி வழியே நடந்தது. பள்ளிகள் திறந்த பின்னரும் கைப்பேசி பிள்ளைகளின் கையை விட்டு அகலவில்லை.

இதனால் நேரக்கூடிய தீங்குகள் யாவை? முதலாவது, விவரங்கள் வெளியாதல். பெயர், பள்ளி, வீட்டு முகவரி ஆகியவற்றைக் கேட்டவுடன் சொல்லிவிடுவது குழந்தையின் இயல்பு. பள்ளிச் சீருடையில் எடுத்த படம் ஒன்றே போதும், அக்குழந்தை எங்கே பயில்கிறது என்பதை அயலார் அறிந்துகொள்ள. இரண்டாவது, பொருள் இழப்பு. பெற்றோரின் கைப்பேசியில் விளையாடும் சிறுவன், வாளும் கேடயமும் வாங்குவதாக எண்ணி வங்கிப் பணத்தைச் செலவிட்டுவிடுதல் கூடும். மூன்றாவதே கொடியது: விளையாட்டுத் தோழன் வேடத்தில் வரும் வயது முதிர்ந்த வஞ்சகன்.

"தெரியாதவரிடம் பேசாதே" என்று நாம் குழந்தைகளுக்குப் புத்தி சொல்கிறோம். நான்கு நாள் சேர்ந்து விளையாடியவனை எட்டு வயதுப் பிள்ளை தெரியாதவனாகக் கருதுமா? அதன் உள்ளத்தில் அவன் நண்பன். ஆதலின் ஆளைக் காட்டி எச்சரிப்பதைக் காட்டிலும் செயலைக் காட்டி எச்சரிப்பதே நலம். படம் அனுப்பச் சொல்பவன், பரிசு தருவதாகக் கூறுபவன், கடவுச்சொல் கேட்பவன், எல்லாவற்றுக்கும் மேலாக "அம்மாவிடம் சொல்லாதே" என்பவன் — இவர்களைப் பற்றி அன்றைக்கே அம்மாவிடம் சொல்லிவிடவேண்டும் எனப் பழக்குதல் வேண்டும். இதனை ஆசிரியர்கள் வகுப்பில் சிறு நாடகமாக நடத்தலாம். ஒரு மாணவன் கேட்க, மற்றொருவன் மறுக்கட்டும். நாவால் பயின்ற மறுப்பு வேண்டும்போது தானே எழும்.

குழந்தை சொல்லவேண்டுமாயின், சொன்னால் அடி விழாது என்ற உறுதி அதற்கு வேண்டும். கைப்பேசி பறிபோகுமென்று அஞ்சும் பிள்ளை வாய் திறவாது; அந்த அச்சத்தையே வஞ்சகன் தன் கருவியாக்கிக் கொள்கிறான். பிழையே செய்திருப்பினும், "என்னிடம் சொன்னாயே, நல்லதாயிற்று" என்பது பெற்றோரின் முதற் சொல்லாக இருக்கட்டும். கண்டிப்பைப் பின்னர் வைத்துக்கொள்ளலாம்.

தீங்கு நேர்ந்துவிட்டால், வந்த செய்திகளை அழித்துவிடலாகாது, அவையே சான்றாகும். இணையக் குற்றங்களை 1930 என்ற எண்ணில் தெரிவிக்கலாம். இடருற்ற குழந்தைகளுக்கு உதவ 1098 என்ற எண் உண்டு. இவ்விரண்டையும் பள்ளிச் சுவரில் பெரிதாக எழுதி வைத்தல் நன்று. 2023ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், 18 வயது நிறையாதவரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் இசைவு வேண்டுமென விதித்துள்ளது. எனினும் வீட்டுக்குள் நிகழ்வதைச் சட்டம் வந்து பார்த்துக்கொண்டிராது.

ஆகவே கைப்பேசி கூடத்தில், பலர் கண் முன்னே பயன்படட்டும். உறங்கும் அறைக்குள் போகவேண்டா. உணவு வேளையில் பெரியோரும் அதனை ஒதுக்கி வைப்பாராக. தந்தை கையில் இருப்பதைத் தனயன் கீழே வைப்பான் என்று எதிர்பார்த்தல் வீண். நாள்தோறும் கால் மணி நேரமேனும் பிள்ளையின் அருகே அமர்ந்து, "இன்று என்ன பார்த்தாய்? யாரோடு விளையாடினாய்?" என்று அன்புடன் கேளுங்கள். அவ்வாறு கேட்கப்பெறும் குழந்தை, இடர் வரும் நாளில் தானே வந்து சொல்லும்.