வெள்ளிக் கரண்டியை நம்பலாமா?

மழை விட்டதும் கிராமத்துப் புற்றோரம் வெள்ளைக் குடை விரிக்கும் காளானைப் பார்த்தால், விடுமுறைக்குப் போனவர்களுக்குக் கை பரபரக்கும். காளானோடு வேகவைத்த வெள்ளிக் கரண்டி கறுக்காவிட்டால் சாப்பிடலாம், பூச்சி கடித்திருந்தால் நல்லது என்பார்கள். இரண்டுமே தவறு. ஐரோப்பாவின் ‘மரணத் தொப்பி’ காளானிலுள்ள அமடாக்சின் வெள்ளியைக் கறுக்க வைக்காது, வேகவைத்தாலும் அழியாது. பெரும்பாலும் 6 மணி நேரத்துக்குப் பிறகுதான் வாந்தியே தொடங்கும்.

“ஊர்க்காரர்கள் காலங்காலமாகச் சாப்பிடுகிறார்களே?” எனலாம். உண்மைதான். ஆனால் அவர்கள் குடையோடு நிற்பதில்லை. மண்ணைத் தோண்டி, தண்டு வேர்போல் நீண்டு கறையான் கூட்டுக்குள் இறங்குகிறதா என்றும் பார்க்கிறார்கள். இன்னொரு சோதனையும் உண்டு: குடையை வெள்ளைத் தாளில் இரவு முழுக்கக் கவிழ்த்தால், இந்தப் புற்றுக்காளான் வெளிர் ரோஜா நிறத் தூள் உதிர்க்கும். புல்தரையில் முளைக்கும் நச்சுக் குடைக்காளான் ஒன்று பச்சைத் தூள் உதிர்க்கும். இந்தச் சோதனை மட்டும் போதாது. விவரம் தெரிந்தவர் உடன் இல்லையென்றால், படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.