ஸ்கீயின் முதுகில் ஏறும் பனி
(பழைய மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போனில் கூப்பிட்டு, "இருபது நிமிஷம் பேசணும் சார், தலைப்பு உங்க இஷ்டம்" என்றார். "ஸ்கீ மேல பனி ஒட்டாம இருக்க என்ன செய்யறது" என்று சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சார், நம்ம ஊர்லயா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நமக்குக் குளிர் என்றால் மார்கழியில் காதைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொள்வதோடு சரி.

ஆனால் இந்த விஷயம் உங்களுக்குப் புதிது இல்லை. ஐப்பசி அடைமழை விட்ட மறுநாள், பஸ் ஸ்டாண்டிலிருந்து கரிசல் காட்டுக்குள் குறுக்கு வழியில் ஹாஸ்டலுக்கு வந்தவர்கள் இங்கே எத்தனை பேர்? கை தூக்குங்க பார்ப்போம். ஆ, முதல் வரிசை முழுக்கத் தூக்குது. பத்து அடி வைப்பதற்குள் செருப்புக்கு அடியில் இன்னொரு செருப்பு முளைக்கும். இருபதாவது அடியில் வார் அறுந்துவிடும். அந்தக் கரிசல் மண் செருப்புக்குக் கீழே செய்ததைத்தான் பனி ஸ்கீக்கு மேலே செய்கிறது.

நான் இங்கே வேதியியல் படித்துவிட்டு, சுற்றி வளைத்துக் கனடாவின் கால்கரி நகரத்தில் ஒரு பெயிண்ட் கம்பெனியில் போய்ச் சேர்ந்தேன். ஊருக்கு மேற்கே ராக்கி மலைத் தொடர். நாற்பது வயதுக்குமேல் ஸ்கீ பழகினேன். டிவியில் நீங்கள் பார்க்கும், கம்பியில் தொங்கும் நாற்காலியில் மேலே போய் வழுக்கிக்கொண்டு இறங்குகிற ஸ்கீ இல்லை. நம்ம காலாலேயே மலை ஏறி, பிறகு இறங்குவது. ஸ்கீயின் அடியில் ஒரு ரோமப் பட்டையை ஒட்டிக்கொள்வோம். பழைய காலத்தில் கடல்நாய்த் தோலில் செய்ததாம், அதனால் இன்றும் அதற்கு ஸ்கின் என்றே பெயர். ரோமம் ஒரு பக்கமாகப் படிந்திருப்பதால் முன்னே வழுக்கும், பின்னே வழுக்காது. பூட்ஸின் முனை மட்டும் பைண்டிங்கில் மாட்டியிருக்கும், குதிகால் தூக்கிக்கொள்ளும். இப்படியே தேய்த்துத் தேய்த்து மணிக்கணக்காக ஏற வேண்டும்.

புதுப் பனியில் ஸ்கீ மேலே மிதப்பதில்லை, உள்ளே புதைந்துதான் போகும். ஒவ்வொரு அடியிலும் அதன் முதுகில் பனி சரிந்து விழும். காய்ந்த பனியாக இருந்தால் தானே உதிர்ந்துவிடும். ஒட்டிக்கொண்டால்தான் வம்பு. கணக்கு போட்டுப் பாருங்க. ஸ்கீயின் நீளம் 170 சென்டிமீட்டர், அகலம் சராசரி 10. பரப்பு 1,700 சதுர சென்டிமீட்டர். அதன்மேல் 4 சென்டிமீட்டர் உயரத்துக்கு அமுங்கிய பனி. தண்ணீரில் கால் பங்கு அடர்த்தி என்று வைத்தால் 1,700 கிராம். ஸ்கீயும் பைண்டிங்கும் சேர்ந்தே ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். ஆக, ஒவ்வொரு காலிலும் இரண்டு ஸ்கீயைக் கட்டிக்கொண்டு ஏறுகிறோம். முதுகுச் சுமையைவிடக் காலில் கட்டிய சுமை பல மடங்கு களைப்பைத் தரும் என்பது மலையேறுகிற எல்லாருக்கும் தெரியும்.

சரி, ஏன் ஒட்டுகிறது? ஃப்ரீஸரிலிருந்து ஐஸ் டிரேயை ஈரக்கையால் எடுத்திருக்கிறீர்களா? விரல் ஒட்டிக்கொள்ளும். காய்ந்த கையால் எடுத்தால் ஒட்டாது. நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் உருவாகி, அது மறுபடி உறைவதுதான் பசை. ஸ்கீயிலும் அதே கதைதான். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், முக்கால்வாசி நேரம் ஸ்கீயின் நிறத்திலிருந்து வருகிறது.

புதுப் பனி தன்மேல் படும் வெளிச்சத்தில் நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். கறுப்பு ஸ்கீ ஏறக்குறைய அத்தனையையும் விழுங்கிவிடும். வசந்த கால மதியத்தில், அந்த 1,700 சதுர சென்டிமீட்டர் கறுப்புப் பரப்பு விழுங்கும் வெயில், நான் போட்ட கணக்குப்படி நூறு வாட் பல்பு ஒன்றுக்குச் சமம். மேலே மெல்லிசாகப் பனி மூடினாலும் வெளிச்சம் ஊடுருவி அடி வரை போய்விடும். அடியில் உருகும். அடுத்து ஒரு மர நிழலோ மலை நிழலோ வரும், உறையும். இப்போது ஸ்கீயின்மேல் சொரசொரப்பான ஐஸ் தளம் ஒன்று கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு விழுகிற பனியெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு சிமெண்ட் மாதிரி வளரும். குடிசைக்குள் கணப்புப் பக்கம் வைத்த ஸ்கீயையோ, கார் ஹீட்டர் சூட்டில் வந்த ஸ்கீயையோ நேராகப் பனியில் போட்டாலும் இதுதான் நடக்கும்.

இனி என் முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். பெயிண்ட் கம்பெனிக்காரன் சும்மா இருப்பானா? தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாது என்று நம்ம பாட்டிமாருக்கே தெரியும். ஜெர்மனியில் பார்த்லாட், நைன்ஹூயிஸ் என்ற இருவர் 1997-இல் அதை விரிவாக விளக்கிக் கட்டுரை எழுதினார்கள். இலையின்மேல் கண்ணுக்குத் தெரியாத மேடுகள், அவற்றின்மேல் மெழுகு, இடுக்குகளில் காற்று. சொட்டு அந்த மேடுகளின் உச்சியில் மட்டும் உட்கார்ந்து உருண்டு ஓடிவிடும். அதே மாதிரி ஒரு பூச்சு செய்து, என் ஸ்கீக்கும் மகள் ஸ்கீக்கும் பூசினேன். மேஜைமேல் தண்ணீர் விட்டால் முத்து முத்தாக ஓடியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

2014 ஏப்ரல். பேன்ஃப் தேசியப் பூங்காவில் போ ஏரிக்கு மேலே, வாப்டா பனிவெளியின் ஓரத்தில் போ ஹட் என்று ஒரு குடிசை இருக்கிறது. ஐந்து பேராகப் போனோம். முதல் நாள் பரவாயில்லை. இரவு ஸ்கீயை வெளியே சாத்தி வைத்தோம், காலையில் பார்த்தால் வெள்ளை வெளேரென்று உறைபனி. சொட்டாக மேலே விழும் தண்ணீர்தான் அந்த மேடுகளில் உருளும். காற்றின் ஈரம் இடுக்குக்குள்ளேயே உறைந்தால், பூட்டுக்குள் சாவி மாதிரி ஐஸ் அங்கேயே மாட்டிக்கொள்ளும். என் தாமரை இலை, சாதாரண ஸ்கீயைவிட மோசமாகப் பனியைப் பிடித்தது. எங்கள் இருவரால் மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம் தாமதம். நானோ ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, மகளுடைய ஸ்கீயின் முதுகையே தட்டிக்கொண்டிருந்தேன்.

தட்டின இடம் சரி, பார்க்காத இடம்தான் தப்பு. இந்த வகை பைண்டிங், 1980-களில் ஆஸ்திரியாவின் ஃபிரிட்ஸ் பார்த்தெல் என்பவர் உருவாக்கியது. பூட்ஸ் முனையின் இரண்டு பக்கமும் சிறு குழிகள். பைண்டிங்கில் இரண்டு ஊசிகள், இடுக்கி மாதிரி வந்து அந்தக் குழிகளைக் கவ்வும். அந்த இடுக்கிக்கு அடியில் பனி அமுங்கி ஐஸாகிவிட்டால் கைகள் முழுசாக மூடாது. ஆனால் மூடின மாதிரியே தெரியும். இறங்கும்போது மூன்றாவது திருப்பத்தில் மகளின் இடது ஸ்கீ தனியாகக் கழன்று போனது. அவள் உருண்டு, ஒரு பாறைக்குப் பத்தடி மேலே நின்றாள். நான் கிட்டே போய்ச் சேரும்வரை அவள் அசையவில்லை. அந்த இரண்டு நிமிஷத்தைப் பற்றி இங்கே பேச எனக்குத் தைரியமில்லை. "அப்பா, முழங்கால்" என்று மட்டும் சொன்னாள். மறுநாள் காலை ஹெலிகாப்டர் வந்தது. தசைநார் அறுந்து, ஆபரேஷன், பல மாதம் நடைப் பயிற்சி.

அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதில் வேதியியல் கொஞ்சம்தான். ஸ்கீ வாங்கும்போது வெளிர் நிறத்தில் வாங்குங்க. கறுப்பாக இருந்தால் வெள்ளை வினைல் ஸ்டிக்கர் ஒட்டுங்க, நூறு வாட் பல்பை அணைத்த மாதிரி. கிளம்புவதற்கு ஒரு கால் மணி முன்னால் ஸ்கீயைத் துடைத்து, வெளியே குளிரில் வைத்து ஆறவிடுங்க. பிறகு மெழுகு. விசேஷமாக ஒன்றும் வேண்டாம், சாதாரண பாரஃபின் மெழுகைக் காய்ந்த ஸ்கீயின் முதுகில் தேய்த்து, கார்க்கால் வழவழவென்று ஆக்க வேண்டியதுதான். தோசைக்கல்லை எண்ணெய் தடவிப் பழக்குவது போலத்தான். ஒரு நாள் தாங்கும், மறுநாள் மறுபடி தேய்க்கணும். இஸ்திரிப்பெட்டி வைத்துச் சூடாகத் தேய்க்காதீங்க, மேல் தகடு பெயர்ந்துவிடும்.

சிலிகான் ஸ்ப்ரே அடிப்பவர்கள் உண்டு. சமையல் எண்ணெய் ஸ்ப்ரே அடிப்பவர்களும் உண்டு. சில மணி நேரம் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஓரம் வழிந்து அடியில் போனால் ஸ்கின் பட்டையின் பசை கெட்டுவிடும். மலை உச்சிக்குப் பாதி வழியில் பட்டை கழன்றால், மேலே ஒட்டிய பனியே தேவலை என்று தோன்றும். ஃப்ளூரின் சேர்ந்த மெழுகுகள் எல்லாவற்றையும்விட அருமையாகப் பனியை விலக்கின, நானும் பூசியிருக்கிறேன். அந்தப் பொருள் மண்ணிலும் தண்ணீரிலும் அழியாமல் தங்கும். போட்டிக் குழுக்களுக்கு மெழுகு பூசும் தொழிலாளர்களின் இரத்தத்திலேயே அது அதிகமாக இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பு 2023-24 பருவத்திலிருந்து போட்டிகளில் அதை முழுமையாகத் தடை செய்துவிட்டது. கையுறை இல்லாமல், ஜன்னலைச் சாத்திக்கொண்டு பூசிய நாட்களை நினைத்தால் இன்றைக்கும் சங்கடமாக இருக்கிறது.

அப்புறம் தட்டுவது. நிற்கிற இடத்திலெல்லாம் ஊன்றுகோலின் பிடியால் ஸ்கீயின் முதுகில் பக்குவமாகத் தட்டணும். கார்பன் கோலாக இருந்தால் அதன் தண்டால் ஓங்கி அடிக்கக் கூடாது, அது விரிசல் விடும். கடைசியாக, இறங்குவதற்கு முன் குனிந்து, பைண்டிங் அடியில் ஒரு சின்னக் குச்சியை விட்டுச் சுரண்டணும். பூட்ஸ் குழிகளில் இருக்கும் பனியையும் எடுக்கணும். மாட்டிய பிறகு குதிகாலை நாலைந்து தரம் மேலும் கீழும் ஆட்டினால் குழிக்குள் மிச்சமிருக்கும் ஐஸ் அரைபட்டு வெளியே வரும். என் மகள் இப்போதும் மலைக்குப் போகிறாள், வெள்ளை ஸ்கீயில். என்னோடு வந்தால், என் பைண்டிங்கை அவள்தான் குனிந்து பார்க்கிறாள். "நீங்க நகருங்க அப்பா" என்கிறாள்.

மாணவர்களுக்காக இரண்டு தகரத் துண்டுகள் கொண்டு வந்திருக்கிறேன். ஒன்றில் கறுப்புப் பெயிண்ட், ஒன்றில் வெள்ளை. சாப்பாட்டு இடைவேளையில் வேதியியல் துறை வாசலில் வெயிலில் வைத்து, மேலே மெல்லிசாக ஐஸ் தூள் போடப் போகிறேன். எதில் அடியில் முதலில் தண்ணீர் கசிகிறது என்று பாருங்க. நம்ம வெயிலுக்கு இரண்டுமே கொஞ்ச நேரத்தில் தண்ணீராகிவிடும், அதனால் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று நினைக்காமல் முதலில் அங்கே வந்துவிடுங்க.