வயிற்று நுனியில் இருக்கும் பெயர்

தலைமையுரை ஆற்றுகிறவர் தன்னைப் படர்க்கையில் சொல்லிக்கொள்வதில் ஒரு வசதி உண்டு. அடக்கம் போலத் தெரியும்; கேள்வி நேரத்தில் தப்பித்துக்கொள்ளவும் இடமிருக்கும். ஆகவே இன்று பேச வந்திருப்பவர் ‘தலைவர்’. நேற்றிரவு அவர் சரியாகத் தூங்கவில்லை. முன்வரிசையில் அவருக்குப் பாடம் சொன்ன ஆசிரியர் இருவர் அமர்ந்திருக்கிறார்கள். அவருடைய கட்டுரைகளைத் திருப்பி அனுப்பிய மதிப்பீட்டாளர்கள் எத்தனை பேர் என்று அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

அழைப்பிதழில் அச்சான தலைப்பு ‘மாறும் பருவநிலையில் சாறுறிஞ்சும் பூச்சிகளின் மேலாண்மை’. நல்ல தலைப்பு. மழை தள்ளிப்போகிறது, வெயில் ஏறுகிறது, 2002-இல் அனுமதி பெற்ற பி.டி. பருத்தி காய்ப்புழுவுக்கு எமனாக வந்தாலும் தத்துப்பூச்சியை ஒன்றும் செய்வதில்லை. இவற்றையெல்லாம் அடுத்த இரண்டு நாள் அமர்வுகள் அலசிவிடும். தலைவர் அவ்வளவு தூரம் போகவில்லை. மேலாண்மைக்கு உட்படும் பூச்சி எது என்ற முதல் படியிலேயே நின்றுவிட்டார்.

மதுரையில், இங்கிருந்து சில கிலோமீட்டரில், யானைமலை அடிவாரத்து ஒத்தக்கடையில், 1965 முதல் வேளாண் கல்லூரி இருக்கிறது. பெரியாற்றுக் கால்வாய்த் தண்ணீர் பாயும் இந்த வட்டாரத்து நெல்வயலில் இரவு ஒரு விளக்குப்பொறியை வைத்தால் காலையில் தட்டு நிறையப் பச்சை. நாலைந்து மில்லிமீட்டர் நீளம், குதிக்கும், ஆணுக்கு இறக்கை நுனி கறுப்பு, பெண்ணுக்கு வெளிறிய நிறம். உழவருக்கு இது பச்சைத் தத்துப்பூச்சி. அவருக்கு அந்தப் பெயர் போதும். நமக்குப் போதாது. தட்டில் கிடப்பது நெஃபோடெட்டிக்ஸ் விரெசென்ஸா, நிக்ரோபிக்டஸா? நெல்லைத் தாக்கும் துங்ரோ நச்சுயிரியைப் பரப்புவதில் முன்னது பின்னதைவிடப் பல மடங்கு கெட்டிக்காரப் பூச்சி. இரண்டையும் ஒரே கட்டத்தில் எண்ணி ‘பச்சைத் தத்துப்பூச்சி, இத்தனை’ என்று எழுதிய அட்டவணைகளைத் தலைவர் நிறையப் பார்த்திருக்கிறார். சிலவற்றை எழுதியவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறார்கள். பெயர் சொல்லமாட்டார், அவர்களில் இருவர் மதியச் சாப்பாட்டுக்கு அவருடைய மேசைக்காரர்கள்.

நெற்றி ஓரத்தில் கறுப்புப் பட்டை இருந்தால் நிக்ரோபிக்டஸ், இல்லாவிட்டால் விரெசென்ஸ் என்பது முதலாண்டு மாணவர் பாடம். இறக்கை நடுவில் உள்ள கறுப்புப் புள்ளி எதுவரை நீள்கிறது என்பது இரண்டாவது பாடம். பட்டை மங்கும், புள்ளி சுருங்கும் என்பதை மூன்றாவது பாடமாக யாராவது நடத்துகிறார்களா? மங்கிய பூச்சியின் முன்னால் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஆணை எடுத்து, வயிற்று நுனியைக் கழற்றி, பத்து சதவீதக் காஸ்டிக் பொட்டாஷில் சதை கரைய விட்டு, கிளிசரினில் கிடத்தி, ஆண் உறுப்பான ஈடியாகஸ் தண்டின் பற்களை எண்ண வேண்டும். செய்முறையை இந்த அவைக்குச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பது. பிரச்சினை செய்முறையில் இல்லை, செய்வதில் இருக்கிறது.

எண்ணாமல் விட்டதன் விலையை இந்தப் பேரினத்தின் பெயர் வரலாறே சொல்லும். நெஃபோடெட்டிக்ஸை மட்சுமுரா நிறுவியது 1902-இல். பழைய இந்திய அறிக்கைகளில் பைபங்க்டேட்டஸ் என்று ஒன்று, அபிகாலிஸ் என்று ஒன்று. 1964-இல் இஷிஹாரா இம்பிக்டிசெப்ஸ் என்று ஒரு பெயர் வைத்தார். துங்ரோவைத் தத்துப்பூச்சி பரப்புகிறது என்று 1965-இல் பிலிப்பைன்ஸிலிருந்து ரிவேராவும் ஓவும் எழுதியபோது அந்தப் பெயரைத்தான் பயன்படுத்தினார்கள். 1971-இல் லண்டனில் கௌரி மூல மாதிரிகளையே எடுத்து அறுத்துப் பார்த்தார். இம்பிக்டிசெப்ஸ் என்பது டிஸ்டன்ட் 1908-இல் பெயரிட்ட விரெசென்ஸ்தான் என்று தெரிந்தது. ஐம்பதுகளின் அறிக்கையில் ‘பைபங்க்டேட்டஸ்’ என்று படிக்கும் இன்றைய மாணவருக்கு அது எந்தப் பூச்சி என்று சொல்ல, அந்தக் காலத்து ஊசி குத்திய ஆண் ஒன்று எங்காவது பெட்டியில் மிஞ்சியிருக்க வேண்டும். பெட்டியைக் கறையான் தின்றிருந்தால் அந்த அறிக்கையையும் சேர்த்தே தின்றதாகக் கணக்கு.

இனி, தலைவர் உண்மையில் பேச வந்த விஷயம். ஏற்பாட்டாளர்கள் மன்னிக்க வேண்டும்.

நம் நாட்டுத் தத்துப்பூச்சிக் கட்டுரைகளில் ‘முறைகள்’ என்ற பகுதியைத் திறந்தால், பிறப்புறுப்பை அறுத்தது நைட் 1965 முறைப்படி, அல்லது ஓமன் 1949 முறைப்படி என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியில் தவறில்லை. ஆனால் அறுத்தெடுத்த துண்டுகளில் எது எதற்கு ஈடு, தட்டு எங்கே முடிகிறது, ஸ்டைல் எதனோடு மூட்டுகிறது, இணைப்புத் தகடு எங்கிருந்து வந்தது என்ற கேள்விகளை மூட்டைப்பூச்சி வரிசை முழுவதற்கும் வைத்து ஓர் இந்தியர் 1925-லேயே விடை எழுதினார். பஞ்சாபிலிருந்து கேம்பிரிட்ஜ் போன ஹேம் சிங் புருதி. லண்டன் பூச்சியியல் கழகத்தின் வெளியீட்டில் வந்த அந்த நீண்ட கட்டுரையின் பொருளே ஆண் பிறப்புறுப்பின் அமைப்பு. பிறகு கல்கத்தா வந்து, இந்திய அருங்காட்சியக வெளியீட்டில் இந்தியத் தத்துப்பூச்சிகளைப் பற்றி 1930, 1934, 1936 என்று மூன்று பகுதிகள் எழுதினார்.

புருதிக்கு முன் நம்மிடம் இருந்தது டிஸ்டன்டின் ‘பிரிட்டிஷ் இந்திய விலங்கினம்’. அதை இழிவாகப் பேச யாருக்கும் தகுதியில்லை. தலைவரின் மேசையில் அது இன்னும் கிடக்கிறது. ஆனால் அதில் இருப்பது நிறமும் நீளமும். வயிற்றுக்குள் அவர் போகவில்லை. புருதி போனார். இத்தனைக்குப் பிறகும் நம் மாணவர்களுக்குப் புருதி என்றால் 1938-இல் இந்தியப் பூச்சியியல் கழகத்தை நிறுவியவர், வேளாண் பூச்சியியலுக்குப் பாடநூல் எழுதியவர். நிலக்கடலைத் தத்துப்பூச்சிக்கு எம்போஸ்கா கெர்ரி என்று எழுதி, பின்னால் ‘புருதி, 1940’ என்று சேர்க்கும்போதுகூட, அந்தப் புருதிதான் இந்தப் புருதி என்று தோன்றுவதில்லை. நைட் எப்படி அறுப்பது என்று சொன்னார்; அறுத்ததை எப்படி வாசிப்பது என்று புருதி சொன்னார். இரண்டையும் மேற்கோள் காட்டினால் பக்கம் ஒன்றும் கூடிவிடாது.

இதை முன்பொரு கருத்தரங்கில் சொன்னபோது ஒரு மூத்த நண்பர் எழுந்து, ஈடியாகஸை இவ்வளவு நம்பக் கூடாது, அதுவே பருவத்துக்குப் பருவம் மாறும் என்றார். தலைவருக்கு அன்று பதில் வரவில்லை. இன்று வந்திருக்கிறது, நண்பரும் வந்திருக்கிறார். அவர் மனத்தில் இருந்தது ஜெர்மனியில் முல்லர் 1950-களில் செய்த ஆய்வு. யூசெலிஸ் என்ற தத்துப்பூச்சியில் தனித்தனி இனங்கள் என்று பெயர் பெற்றவை, பகல் நீளத்தைப் பொறுத்து உருவெடுக்கும் ஒரே இனத்தின் பருவ வடிவங்கள்தான் என்று அவர் காட்டினார். அருமையான வேலை, மறுக்க முடியாது. ஆனால் ஜெர்மனியின் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் எட்டு மணி நேர வித்தியாசம். மதுரையில் ஆனி மாதத்துப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் ஒன்றேகால் மணி நேரம்கூடத் தேறாது. அந்த ஐயத்தை அப்படியே கப்பலேற்றி இங்கே இறக்கக் கூடாது. ஐயம் உண்மையாகவே இருந்தால் வழியும் எளிது: ஒரே வயலில் ஆனியிலும் மார்கழியிலும் ஆண்களைப் பிடித்து, பக்கத்தில் பக்கத்தில் வரைந்து பார்க்கலாம். நண்பர் வரையட்டும், தலைவர் வலை வீசத் தயார்.

தலைவரும் ஏமாந்ததுண்டு. சோழவந்தான் பக்கத்து வயலில் பிடித்த ஓர் ஆணுக்கு ஈடியாகஸ் குட்டையாக, பற்கள் தேய்ந்து இருந்தன. புது இனம் என்று மூன்று நாள் துள்ளினார். நான்காம் நாள் வயிற்று வளையங்களுக்கு நடுவே துருத்திய ஒட்டுண்ணி கண்ணில் பட்டது. ஒட்டுண்ணி புகுந்த தத்துப்பூச்சியில் ஆண் உறுப்பு வளர்ச்சி குன்றும் என்று பிரான்சில் ஜியார் 1889-லேயே எழுதிவிட்டார். புருதியைப் படிக்காதவர்களைக் குறைசொல்கிற தலைவர் அன்று ஜியாரைப் படித்திருக்கவில்லை.

அடுத்த மறுப்பு இளையவர்களிடமிருந்து வருகிறது: பார்கோடு இருக்க, பொட்டாஷ் எதற்கு? மைட்டோகாண்ட்ரிய மரபணு ஒன்றில் 658 எழுத்துகளைப் படித்தால் ஆணோ பெண்ணோ குஞ்சோ, பெயர் வந்துவிடும் என்கிறார்கள். பெண்ணுக்கும் குஞ்சுக்கும் பெயர் கிடைப்பது பெரிய வரம் என்பதைத் தலைவர் மனமார ஒப்புக்கொள்கிறார். நம் துறை பாதி உயிர்களைப் ‘பெண், அடையாளம் காண இயலவில்லை’ என்று ஒதுக்கியே வந்திருக்கிறது. துங்ரோவைப் பெண்ணும் பரப்புகிறாள். ஆனால் பார்கோடு தானாகப் பெயர் சொல்வதில்லை. வேறு யாரோ ஒரு மாதிரிக்கு ஒட்டிய பெயரைத் திருப்பிச் சொல்கிறது. அந்த யாரோ வயிற்று நுனியைப் பார்த்தாரா என்பதுதான் கேள்வி. தவறாக ஒட்டிய பெயர் அங்கே ஆயிரம் முறை எதிரொலிக்கும்.

உறுப்பைவிட ஓசை நம்பகமானது என்றால் தலைவர் கொஞ்சம் இறங்கிவருவார். புகையானில் கிளாரிட்ஜும் அவர் கூட்டாளிகளும் காட்டியது அது. நெல்லில் வாழும் புகையானும், லீர்சியா என்ற வாய்க்கால் புல்லில் வாழும் புகையானும் வடிவத்தில் பிரிக்க முடியாதவை. தண்டு வழியாக அனுப்பும் அதிர்வுப் பாட்டில் வேறு. சரி, தோல்விதான். ஆனால் பருத்தித் தத்துப்பூச்சியின் கூட்டத்தில் ஆணின் வயிற்றடியில் உள்முகமாக நீளும் தகடுகளைப் பார்த்தும் இனம் பிரிக்கிறோமே, அவை அதிர்வை எழுப்பும் தசைகள் பற்றிக்கொள்ளும் இடம். அறுத்துப் பார்ப்பவரும் பாட்டுக் கேட்பவரும் ஒரே வீட்டின் இரண்டு வாசலில் நிற்கிறார்கள்.

பருத்தி என்றதும் திருமங்கலம், பேரையூர்க் கரிசல் காடு. அங்கே இலை ஓரம் மஞ்சளாகி, சிவந்து, கீழ்நோக்கிச் சுருண்டால் மருந்துக்கடையில் ‘ஜாசிட்’ என்பார்கள். நம் நூல்கள் பல பத்தாண்டுகள் அதை டெவஸ்டன்ஸ் என்றன. டிஸ்டன்ட் 1918-இல் வைத்த பெயர். இஷிடா 1913-இல் வைத்த பைகட்டுலா முந்தியது என்பதால் அதுவே நின்றது. அந்தப் பூச்சி 2023-இல் புவெர்ட்டோ ரிக்கோவில் தெரிந்தது; 2025-இல் அமெரிக்காவின் தென்மாநிலப் பருத்திக் காடுகளில் பரவியது. அங்குள்ளவர்கள் பைகட்டுலா என்று தேடுகிறார்கள். இலையில் சுணை அடர்ந்த பருத்தியைத் தத்துப்பூச்சி அண்டாது என்று இந்தியாவில் செய்த பழைய வேலைகளில் பெரும்பகுதி டெவஸ்டன்ஸ் என்ற பெயருக்கடியில் கிடக்கிறது. எடுத்துக் கொடுக்க வேண்டியவர்கள் இந்த அறையில் இருக்கிறார்கள்.

நேரம் முடிந்தது என்று ஏற்பாட்டாளர் கையைக் காட்டுகிறார். பின்சுவர் ஓரமாக மூன்று நுண்ணோக்கிகள் இருக்கின்றன. பக்கத்தில் நாற்பது குப்பிகள், நேற்றிரவு ஒத்தக்கடை வயல் விளக்குப்பொறியில் விழுந்தவை, எல்லாம் ஆண். நெற்றியை மட்டும் பார்த்து ஒரு தாளில் பெயர் எழுதிப் பெட்டியில் போடலாம். பொட்டாஷ் பதினொரு மணிக்குச் சூடாகும். ஈடியாகஸை நம்பாத மூத்த நண்பருக்கு முதல் நாற்காலி.