கதைசொல்லி நிற்கும் இடம்



தமிழ் இலக்கணம் பேச்சில் வரும் இடங்களைத் தன்மை, முன்னிலை, படர்க்கை என மூன்றாகப் பகுத்து, பேசுபவரும் கேட்பவரும் அல்லாத எவரையும் எதனையும் படர்க்கையில் வைத்தது. கதை எழுதுவோருக்கு மிகவும் பழகிய இடம் இந்த மூன்றாம் இடமே; 'அவன் வந்தான், அவள் பார்த்தாள்' என்று தொடங்கிவிட்டால், சொல்பவர் யார் என்ற கேள்வி எழாமலே கதை தானாக நிகழ்வதுபோலத் தோன்றிவிடுகிறது. இந்தத் தோற்றத்தால், படர்க்கையில் வரும் கதை நடுநிலையானது, தன்மையில் வருவதே ஒருபக்கச் சார்புடையது என்னும் எண்ணம் வாசகரிடையே வேரூன்றியிருக்கிறது. அந்த எண்ணம் பிழையானது. படர்க்கையில் எழுதுபவர் யாருடைய மனத்தைத் திறப்பது, யாருடையதை மூடிவைப்பது என்று பத்திதோறும் முடிவுசெய்துகொண்டே போகிறார். கதை யார் பக்கம் நிற்கிறது என்பதும் வாசகரின் பரிவு எங்கே போய்ச் சேர்கிறது என்பதும் அந்த முடிவுகளைப் பொறுத்தவை.

எல்லா மாந்தரின் உள்ளத்திலும் விருப்பம்போல் புகுந்து வெளியேறும் முறையை முற்றறி நோக்கு எனலாம். ஒரே ஒருவரின் அருகே நின்று, அவர் கண்டதையும் எண்ணியதையும் மட்டும் சொல்வது வரையறுத்த நோக்கு. எவர் மனத்திலும் புகாமல் பேச்சையும் செயலையும் மட்டும் காட்டுவது புறநோக்கு. நடைமுறையில் இவை ஒன்றோடொன்று கலந்தே வருகின்றன என்பதால், பெயர்களைவிட அவற்றுக்கிடையே கதைசொல்லி எப்போது இடம் மாறுகிறார் என்பதைக் கவனிப்பதே பயன்தரும்.

சங்க அகப்பாடல்களில் கதைசொல்லி என்று தனியே ஒருவர் இல்லை. தலைவி, தோழி, செவிலி, தலைவன் முதலானோரின் கூற்றுகளே பாட்டாகின்றன. காப்பியத்தில் சொல்பவரின் குரல் கேட்கத் தொடங்குகிறது. சிலப்பதிகாரத்தின் இறுதியான வரந்தரு காதையில் ஆசிரியர் தன்மையிலேயே வெளிப்பட்டுப் பேசிவிடுகிறார். அச்சுக்காலத்தில், 1879இல் வெளிவந்த வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' நாயகனே தன் கதையைச் சொல்வதாக அமைய, 1890களில் விவேக சிந்தாமணி இதழில் வந்த ராஜம் ஐயரின் 'கமலாம்பாள் சரித்திரம்' படர்க்கையை எடுத்துக்கொண்டது. 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வ'னைத் தொடராக எழுதிய கல்கியோ வாசகரை நேரே விளித்து, இங்கே நின்று பார்க்கலாம், அங்கே போகலாம் என்று அழைத்துச் செல்லும் கதைசொல்லியைப் படைத்தார். கதாகாலட்சேபம் கேட்டுப் பழகிய சமூகத்துக்கு அந்தக் குரல் உறவினர் குரல்போல ஒலித்தது. அதைப் பழைய பாணி என்று ஒதுக்குவது நியாயமன்று; ஒருவர் சொல்லத்தான் பிறர் கேட்கிறார்கள் என்பதை அது எந்த நேரத்திலும் மறைக்கவில்லை.

கதைசொல்லி மறைந்துகொண்டால் என்ன நேரும் என்பதற்கு 1857இல் பாரிஸில் நடந்த ஒரு வழக்கு சான்றாகிறது. குஸ்தாவ் ஃப்ளொபேரின் 'மதாம் பொவாரி' இதழில் தொடராக வெளிவந்ததும், பொது ஒழுக்கத்தையும் சமயத்தையும் புண்படுத்தியதாக அவர்மீது அரசு வழக்குத் தொடுத்தது. கணவனுக்குத் தெரியாமல் காதல்கொண்ட எம்மாவைக் கண்டிக்க அந்த நூலுக்குள் ஒருவர்கூட இல்லை என்பது அரசு வழக்கறிஞர் எர்னெஸ்ட் பினாரின் குற்றச்சாட்டுகளுள் ஒன்று. ஃப்ளொபேர் விடுவிக்கப்பட்டார் என்றாலும், பினாரின் கலக்கத்துக்குக் காரணம் இருந்தது. அந்த நாவல் கலந்த கூற்று எனத்தக்க ஒரு முறையைக் கையாண்டது. மாந்தரின் எண்ணத்தை 'என்று எண்ணினாள்' என்னும் அடையாளம் இல்லாமல், கதைசொல்லியின் வாக்கியத்தோடு வாக்கியமாகக் கரைத்துவிடும் முறை அது. 'இனி அவன் வரமாட்டான் என்று அவள் எண்ணினாள்' என்றால் எண்ணம் அவளுடையது என்பது தெளிவு. 'அவள் கதவைச் சாத்தினாள். இனி அவன் எங்கே வரப்போகிறான்?' என்றால், அந்த இரண்டாம் வாக்கியம் அவளுடையதா, கதைசொல்லியுடையதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. தீர்ப்பளிக்கும் குரல் ஒன்றைத் தேடிய வழக்கறிஞருக்கு எம்மாவின் மகிழ்ச்சியே ஆசிரியரின் கருத்தாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

மூடிவைக்கப்பட்ட மனத்தின் வலிமையைத் தமிழில் உணர்த்தும் நாவல்களுள் 1966இல் வந்த தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' முதன்மையானது. காவிரிக்கரை வேதபாடசாலையிலிருந்து சென்னைக்குத் திரும்பும் அப்பு, தன் தாய் அலங்காரத்துக்கும் சிவசு என்பவருக்கும் உள்ள உறவை அறிகிறான். கதை அப்புவோடு நடக்கிறது, சில இடங்களில் தந்தை தண்டபாணியின் மனத்துக்குள்ளும் செல்கிறது. ஆனால் எவருடைய செயலால் அந்தக் குடும்பம் உருக்குலைந்ததோ அந்த அலங்காரத்தின் உள்ளம் பெரும்பாலும் மகனும் கணவனும் பார்த்த அளவிலேயே வாசகருக்குக் கிடைக்கிறது. அவள் நிமிர்வும் பேச்சும் மௌனமும் தெரிகின்றன. அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட நியாயம் தெரிவதில்லை. ஜானகிராமன் அந்த மனத்தைத் திறந்து காட்டியிருந்தால் வாசகர் அவளை மன்னித்தோ தண்டித்தோ முடித்துவிட்டுப் போயிருப்பார்கள். திறக்காததால், அப்புவுக்கு எது முடியவில்லையோ அது வாசகருக்கும் முடியாமல் போகிறது. அரை நூற்றாண்டு கடந்தும் அவளைப் பற்றிய வாதம் ஓயவில்லை.

அதே 1966இல் ஆனந்த விகடனில் வெளிவந்த ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' இன்னும் கூர்மையான சான்றைத் தருகிறது. மழைநாளில் பேருந்துக்குக் காத்திருந்த கல்லூரி மாணவி ஒருத்தி அறிமுகமில்லாத ஒருவனின் காரில் ஏறிச் சென்று, பறிகொடுத்தவளாக வீடு திரும்புகிறாள். தாய் அவள் தலையில் தண்ணீரை ஊற்றி, அவள் தூய்மையானவள் என்கிறாள். கதை படர்க்கையில் வருகிறது, அந்தப் பெண் 'அவள்' மட்டுமே. பெயரில்லாத படர்க்கையால் அவள் எந்த வீட்டுப் பெண்ணாகவும் ஆகிவிட, தாயின் தீர்ப்பு ஒரு சமூகத்துக்கே சொன்ன தீர்ப்பானது. கதைக்குக் கடுமையான எதிர்ப்பு எழுந்தது; அதற்கு இதுவும் ஒரு காரணம். பின்னர் ஜெயகாந்தன் அதே நிகழ்விலிருந்து 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலை எழுதினார். 1972ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது அதற்குக் கிடைத்தது. அங்கே தாய் நடந்ததை மறைக்கவில்லை, ஊரறிந்துவிடுகிறது. 'அவ'ளுக்குக் கங்கா என்று பெயர் வந்துவிடுகிறது. கதையைப் பெரும்பாலும் அவளே தன்மையில் சொல்கிறாள். ஓர் எழுத்தாளர் எழுதிய 'அக்கினிப் பிரவேசம்' என்னும் கதையைக் கங்கா படிப்பதாகவும் நாவலில் வருகிறது. படர்க்கையில் கருணையோடு எழுதப்பட்ட கதையை, அந்தப் படர்க்கைக்கு உரியவளே எடுத்துப் படித்து, தன் வாழ்வு அப்படி நடக்கவில்லை என்று அறிகிறாள். பிறர் ஒருவரைப் பற்றி எவ்வளவு அன்போடு சொன்னாலும், அவர் வாய்திறக்கும்போது கதை வேறாகிவிடும் என்பதைத் தமிழில் இவ்வளவு துணிவோடு காட்டிய படைப்பு வேறொன்று உண்டா என்பது ஐயமே.

தமிழ்ப் படர்க்கையின் மேல் மற்றொரு பொறுப்பும் இருக்கிறது. 'அவன்' என்பதா, 'அவர்' என்பதா, 'வந்தான்' என்பதா, 'வந்தார்' என்பதா என்று கதைசொல்லி தேர்ந்தே ஆகவேண்டும். வினைமுற்றின் விகுதிவரை மரியாதை வந்து நிற்கும் மொழியில் அதிலிருந்து தப்ப வழியில்லை. பண்ணையார் வந்தார், வண்டிக்காரன் வந்தான் என்றே நெடுங்காலம் கதைகள் எழுதப்பட்டன. வண்டிக்காரருக்கு வயது அறுபதாக இருக்கலாம், பண்ணையாருக்கு முப்பதாக இருக்கலாம். எந்த மாந்தரும் பேசாத இடத்தில், நடுநிலையானது என்று கருதப்பட்ட கதைசொல்லியின் வாயிலிருந்தே அந்த வேற்றுமை வந்தது. அதைத் திருத்த விகுதியை மட்டும் மாற்றினால் போதாது, கதைசொல்லி நிற்கும் இடமே மாறவேண்டும் என்பதை 1994இல் வெளிவந்த இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' காட்டியது. ஒடுக்கப்பட்டோர் குடியிருப்புக்குத் துணி வெளுத்துக் கொடுத்து, தானியமும் இராச்சோறும் பெற்று வாழும் ஆரோக்கியத்தைப் படர்க்கையிலேயே அந்த நாவல் சொல்கிறது. ஆனால் அவள் உழைப்பும் கணக்கும் அச்சமும் மகள் மேரிக்கு நேர்ந்த கொடுமையால் வந்த புலம்பலும் அவள் பக்கமிருந்தே வருகின்றன. அவள் போய் நிற்கும் வீடுகளின் மனிதர்கள் அவள் கண்ட அளவுக்கே தெரிகிறார்கள். வேறு கதைகளில் வாசலோடு நின்று ஒரு வரியில் மறைந்திருக்கக்கூடிய பெண் இங்கே பார்ப்பவளாகிறாள், அந்த வீடுகள் பார்க்கப்படுகின்றன.