கதிர் பொறுக்க வந்தவள்



பிரான்சு நாட்டில் பிறந்து, வாழ்நாளின் பெரும்பகுதியை உரோமை நகரில் கழித்தவர் ஓவியர் நிக்கோலா புசேன். 1660 முதல் 1664 வரை, தமது முதிய வயதில், ரிஷ்லியூ கோமகனுக்காக அவர் நான்கு ஓவியங்கள் தீட்டினார். ஆண்டின் நான்கு பருவங்களையும் பழைய ஏற்பாட்டு நிகழ்ச்சிகளாகக் காட்டும் அவை, இன்று பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றுள் 'கோடை' என்னும் ஓவியத்தை நாம் சற்று உற்று நோக்குவோம்.

முதலில் நம் கண்ணில் படுவது வயல்தான். முற்றிய கோதுமை சுவர்போல் நிற்கிறது. ஆண்களும் பெண்களும் அறுக்கிறார்கள். அப்பால் குதிரைகளைக் கட்டிப் போரடிக்கிறார்கள். மரநிழலில் உணவு ஆயத்தமாகிறது. தொலைவில் மலைகள், மேலே வானம். இத்தனைக்கும் முன்னே, சிறிய உருவமாக, ஒரு பெண் மண்டியிட்டிருக்கிறாள். அவளே ரூத்து. எதிரே நிற்பவர் வயலுக்கு உரியவரான போவாசு.

ரூத்து யார்? மோவாபு நாட்டவள், கணவனை இழந்தவள், மாமியார் நகோமியைத் தனியே விட மனமின்றிப் பெத்லகேமுக்கு உடன் வந்தவள். அறுவடையில் சிந்திய கதிரை ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டுவிட வேண்டும் என்பது லேவியர் நூல் தரும் கட்டளை. போவாசு அந்த அளவோடு நிற்கவில்லை. கட்டிய அரிகளிலிருந்தும் சில கதிர்களை உருவிப் போடும்படியும், அவளை அதட்டாதிருக்கும்படியும் வேலையாள்களுக்குச் சொன்னார். பெறுகிறவள் கூசாதபடி கொடுத்தார்! சட்டம் கேட்டது சிந்தியதை மட்டுமே. அன்பு அரிக்கட்டையே அவிழ்த்தது.

அன்று அந்த வயலில் நடந்தது சிறு காரியம். ஆனால் ரூத்தின் மகன் ஓபேது. ஓபேதின் மகன் ஈசாய். ஈசாயின் மகன் தாவீது. மத்தேயு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில், நம் ஆண்டவரின் மூதாதையர் வரிசையில், இந்த அந்நியப் பெண்ணின் பெயர் நிலைத்திருக்கிறது. அவளை அந்த வரப்பிலிருந்தே விரட்டியிருந்தால்?

இந்த ஓவியங்களைத் தீட்டிய நாள்களில் புசேனின் கை நடுங்கிக்கொண்டிருந்தது. ஆயினும் தூரிகையை அவர் கீழே வைக்கவில்லை. நான்கையும் முடித்து, 1665இல் உரோமையில் கண்மூடினார்.

அன்பர்களே, ஆண்டுகளை எண்ணி மகிழும் இவ்விழாவில் நம் களஞ்சியம் எவ்வளவு நிறைந்தது என்று பார்ப்பது இயல்பே. நம் வயலில் பிறருக்கென்று நாம் எதை விட்டுவைத்தோம் என்பதையும் பார்ப்போம். கதிர் பொறுக்க வருகிறவர் யார் என்று நமக்குத் தெரியாது, கடவுளுக்குத் தெரியும்.