அயலூர்ப் பிள்ளைகளும் வீட்டுக் கம்ப்யூட்டரும்

(காரைக்குடியில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நம்ம பக்கத்துக்காரர்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போன காலத்தில், வீட்டுச் சேதி கப்பலில் வரும் கடிதத்தில்தான் தெரியும். இன்று சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டே காரைக்குடி வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்து வீட்டுவரி ரசீதைத் தேடி எடுக்கலாம். ஆனால் ராத்திரி ஒரு தரம் கரண்டு போய் வந்தால் போதும், மறுநாள் அது கிடைக்காது. போன் போட்டால், "ஓடுதுப்பா, பாஸ்வேர்டு கேட்டுக்கிட்டு நிக்குது" என்கிறார் ஆத்தா. கண்ணாடியைத் தேடி, எழுத்தைத் தேடி அவர் தட்டி முடிப்பதற்குள் அரை மணி ஆகிவிடும். பிறகு என்ன செய்கிறோம்? பாஸ்வேர்டைத் தாளில் எழுதித் திரையிலேயே ஒட்டிவிடுகிறோம்! அப்புறம் பூட்டு எதற்கு?

காரணம் எளிது. முகப்பில் காவல் இருப்பவர், வீட்டுக்காரர் எழுந்திருக்கும் முன்பே அங்கே இருப்பார். வளவுக்குள் வேலை செய்பவரோ கதவு திறந்த பிறகுதான் வருவார். கம்ப்யூட்டரிலும் இரண்டு வகை ஆட்கள். 'சர்வீஸ்' ஆக ஓடும் புரோகிராம், விண்டோஸ் எழுந்ததுமே லாகினுக்கு முன்பே எழுந்துவிடும். மற்றவை யாராவது லாகின் செய்த பிறகுதான் எழும்.

ஆகவே ஆத்தாவிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "பாஸ்வேர்டு போட்டதும் இணைப்பு கிடைக்குதா?" கிடைத்தால், கரண்டிலும் மோடத்திலும் குறை இல்லை. கீழே சொல்பவற்றை வரிசையாகப் பாருங்கள்.

ஒன்று, வைஃபை. அதன் இணைப்பு ஒரு பயனருக்கு மட்டும் என்று பதிந்திருந்தால், அவர் லாகின் செய்யும்வரை நெட் வராது. கேபிள் போட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

இரண்டு, வி.பி.என். டெயில்ஸ்கேல் வைத்திருப்பவர்கள் விண்டோஸில் 'ரன் அன்அட்டெண்டெட்' என்பதை இயக்க வேண்டும். இல்லையென்றால் லாகினுக்கு முன் அது இணைந்திருக்காது.

மூன்று, எனிடெஸ்க், ரஸ்ட்டெஸ்க் போன்றவை. டவுன்லோடு செய்து அப்படியே ஓட்டினால் போதாது. முறையாக இன்ஸ்டால் செய்து, ஆள் இல்லாதபோதும் நுழைவதற்கான பாஸ்வேர்டும் வைக்க வேண்டும்.

நான்கு, விண்டோஸின் சொந்த ரிமோட் டெஸ்க்டாப். இது லாகினுக்கு முன்பே வேலை செய்யும், ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஹோம் பதிப்பு இருந்தால் நடக்காது, ப்ரோ வேண்டும். நாலு இலக்கப் பின் இங்கே செல்லாது, முழு பாஸ்வேர்டு கேட்கும். பாஸ்வேர்டே இல்லாத கணக்கை உள்ளே விடாது.

கம்ப்யூட்டர் எழவே இல்லையென்றால் அது வேறு கதை. கரண்டு வந்ததும் தானாக எழச் சொல்லும் ஏற்பாடு பயாஸில் இருக்கும். 'ஸ்லீப்' போகாமலும் பார்க்க வேண்டும். மோடத்துக்கும் ஒரு சின்ன யு.பி.எஸ். வையுங்கள். பிட்லாக்கர் தொடக்கத்திலேயே பின் கேட்கும்படி வைத்திருந்தால், அந்தத் திரை விண்டோஸ் எழும் முன் வருவது. அங்கே எந்த ரிமோட் புரோகிராமும் எட்டாது, யாராவது நேரில்தான் தட்ட வேண்டும்.

தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். லாகினுக்கு முன் நமக்குத் திறக்கும் வாசல் திருடனுக்கும் தெரியும். ரௌட்டரில் 3389 என்ற போர்ட்டை உலகத்துக்கே திறந்து வைக்காதீர்கள். 2019 மே மாதம் மைக்ரோசாஃப்ட், ரிமோட் டெஸ்க்டாப்பில் இருந்த ஓர் ஓட்டையை அடைத்தது. ப்ளூகீப் என்று பெயர் பெற்ற அந்த ஓட்டை வழியாக, பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே புகுந்துவிடலாம். ஆபத்தின் அளவைப் பார்த்து, எப்போதோ கைவிட்ட எக்ஸ்பி-க்கும் அந்த நிறுவனம் மருந்து கொடுத்தது. அதே 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி, எனிடெஸ்க்கைப் போடச் சொல்லிப் பணம் பறிப்பவர்களைப் பற்றி வங்கிகளை எச்சரித்தது. "பேங்க்லேருந்து பேசுறேன், ஸ்கிரீன்ல தெரியிற நம்பரைச் சொல்லுங்க" என்று எவன் கேட்டாலும் சொல்லக் கூடாது என்று அப்பச்சியிடமும் ஆத்தாவிடமும் இன்றைக்கே சொல்லிவையுங்கள்.

சந்திப்புக்காக ஊருக்கு வந்திருக்கிறோம். விமானம் ஏறும் முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். திறந்திருக்கும் வேலைகளை மூடிவிட்டு, கம்ப்யூட்டரை முறையாக அணைத்து, சுவிட்சைத் தட்டி மறுபடி போடுங்கள். லாகின் செய்யாதீர்கள். வீட்டு வைஃபையை விட்டு, போன் டேட்டாவில் மடிக்கணினியை இணைத்து, திண்ணையில் உட்கார்ந்து உள்ளே நுழைந்து பாருங்கள். லாகின் திரை வந்தால் நிம்மதியாகப் புறப்படலாம். வராவிட்டால் சரிசெய்ய நீங்கள் இங்கேயே இருக்கிறீர்கள். சாங்கி போய் இறங்கிய பிறகு தெரிந்தால், பாரம் மறுபடி ஆத்தா தலையில்தான்.